வங்கதேசம் சரிந்தால் கீழக்கரைக்கு ஆர்டர் வருமா?

வாசகர் கேள்வி

கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, பன்னிரண்டு மெஷின் வைத்துத் தையல் யூனிட் நடத்தி வருகிறேன். பள்ளிச் சீருடையும் நைட்டியும்தான் இதுவரை எங்கள் வேலை. துபாயில் துணி மொத்த வியாபாரத்தில் இருந்த என் காக்கா (அண்ணன்) ஊரோடு வந்துவிட்டார். நாற்பது மெஷின் போட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் (அவர்கள் தரும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) எடுக்கலாம் என்கிறார். அதற்கு ஆதாரமாகக் கைபேசியில் மூன்று வரைபடங்களைக் காட்டுகிறார். ஒன்றில் வங்கதேசத்தின் ஆடை ஏற்றுமதி ஒரே ஆண்டில் 4,700 கோடி டாலரிலிருந்து 3,600 கோடி டாலராக விழுந்திருக்கிறது. இரண்டாவதில் வியட்நாம் 4,400 கோடி, இந்தியா 1,600 கோடி. மூன்றாவதில் இலங்கை 500 கோடியைக்கூடத் தொடவில்லை. “வங்கதேசம் விட்ட ஆர்டரெல்லாம் இனி இங்கேதான் வரும், இலங்கை கணக்கிலேயே இல்லை” என்பது அவருடைய வாதம். ஓர் ஏஜெண்டும் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார். இந்தக் கணக்கை நம்பி இறங்கலாமா? பருத்தி விளையும் நம் நாடு ஏன் இவர்களுக்குப் பின்னால் நிற்கிறது?

பதில்

சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் காக்கா காட்டும் எண்களில் எதுவும் கற்பனையாக எழுதப்பட்டதில்லை. ஆனால் மூன்று படங்களும் மூன்று விதமாக எண்ணப்பட்டவை என்பதால், அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முடிவெடுக்க முடியாது. முதல் படத்தைத்தான் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். நாற்பது மெஷின் யோசனை முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

வங்கதேசத்தின் ஏற்றுமதி மேம்பாட்டுப் பணியகம் 2022-23ஆம் நிதியாண்டுக்கு ஆயத்த ஆடை ஏற்றுமதியாக ஏறத்தாழ 4,700 கோடி டாலரை அறிவித்திருந்தது. 2024 ஜூலையில் அந்நாட்டின் மத்திய வங்கி, பணியகத்தின் கணக்கு பல ஆண்டுகளாக மிகையாக இருந்து வந்ததை வெளியிட்டது. ஒரே சரக்கின் பதிவு ஒன்றுக்கு மேற்பட்ட முறை கணக்கில் ஏறியிருந்தது. ஏற்றுமதி மண்டலத்துத் தொழிற்சாலை உள்நாட்டுத் தொழிற்சாலைக்கு விற்றது ஒரு முறையும், அது கப்பலேறியபோது மறு முறையும் எண்ணப்பட்டது. வெட்டித் தைத்துக் கொடுக்கும் கூலி மட்டுமே வரவாக இருக்க, துணியின் விலையும் சேர்த்து எழுதப்பட்டது. விலையில்லா மாதிரித் துணிகளுக்கும் விலை போடப்பட்டது. உங்கள் யூனிட்டில் நூறு நைட்டியை கட்டிங் நோட்டிலிருந்து ஒரு முறையும் பேக்கிங் நோட்டிலிருந்து ஒரு முறையும் கூட்டி இருநூறு என்று எழுதினால் எப்படியோ, அப்படித்தான் இது. அடுத்த ஆண்டின் 3,600 கோடி என்பது திருத்திய முறையில் வந்த எண். ஆக, படத்தில் தெரியும் செங்குத்தான இறக்கத்தில் பெரும்பகுதி தொழிற்சாலைகளில் நிகழ்ந்ததே இல்லை; கணக்கேட்டில் நிகழ்ந்தது. இரண்டு ஆண்டுகளுக்கும் திருத்திய கணக்கையே வைத்துப் பார்த்தால், அந்நாட்டின் மொத்த ஏற்றுமதியில் ஏற்பட்ட குறைவு ஏறத்தாழ ஆறு விழுக்காடுதான். 2024 ஆகஸ்டில் அங்கே ஆட்சியே கவிழ்ந்து, தொழிற்சாலைகள் அவ்வப்போது மூடிக் கிடந்த பிறகும், 2024-25இல் ஆடை ஏற்றுமதி ஏறத்தாழ 3,935 கோடி டாலருக்கு, அதாவது ஒன்பது விழுக்காட்டை ஒட்டி, உயர்ந்தது. சரிந்து கிடக்கும் போட்டியாளராக வங்கதேசத்தை நினைத்துக்கொண்டு நீங்கள் மெஷின் வாங்கக்கூடாது.

நாடுகளை ஒப்பிடுவோர் அடிக்கடி தவறவிடும் இன்னொன்று நிதியாண்டு. வங்கதேசத்துக்கு ஜூலை முதல் ஜூன் வரை, நமக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை, வியட்நாமுக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. 2020 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா முடக்கத்தால் உலகெங்கும் ஷிப்மென்ட் நின்றது நினைவிருக்கும். அந்த இரண்டு மாத இழப்பு வங்கதேசத்தின் 2019-20 கணக்கில் விழுந்தது; நமக்கோ அது 2020-21 கணக்கில் விழுந்தது. இரண்டு நாடுகளின் 2020-21 கட்டங்களையும் அருகருகே வைத்தால், அவர்கள் எழுந்துவிட்டார்கள், நாம் விழுந்துவிட்டோம் என்று தோன்றும். இரு நாடுகளையும் அடித்தது ஒரே அடி. பதிவான ஆண்டுதான் வேறு. அந்தக் காலத்தில் இந்தக் கட்டங்களை மட்டும் பார்த்துவிட்டு நம் தொழிலாளர்களைக் குறை சொல்லி எழுதப்பட்ட கட்டுரைகளைப் படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இரண்டாவது படத்தில் பிழை வேறு வகை. வியட்நாமின் 4,400 கோடி டாலர் என்பது அவர்களுடைய ஜவுளித் தொழில் முழுவதன் ஏற்றுமதி. நூல், துணி, இதர ஜவுளிப் பொருட்கள் எல்லாம் அதில் அடக்கம். ஆடையை மட்டும் பிரித்தால் அது 3,400 முதல் 3,700 கோடிக்குள் வரும். இந்தியாவின் 1,600 கோடியோ ஆயத்த ஆடை மட்டும். நாமும் நூலையும் துணியையும் படுக்கை விரிப்பையும் சேர்த்து எண்ணினால் 3,600 கோடியைத் தாண்டிவிடுவோம். அதனால் எந்தப் படத்தைக் கண்டாலும் முதலில் சுங்கக் குறியீட்டைத் தேடுங்கள்: 61ஆம் அத்தியாயம் பின்னலாடை, 62ஆம் அத்தியாயம் நெய்த துணியில் தைத்த ஆடை, 63 வீட்டு உபயோக ஜவுளி. ஒரு நாட்டுக்கு முதல் இரண்டும், இன்னொரு நாட்டுக்கு 50 முதல் 63 வரை எல்லாமும் என்று எடுத்தால் ஒப்பீடு என்ற சொல்லுக்கே பொருளில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தைப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் காட்டுவார்கள்; ஜெர்மனி பிரான்சுக்கு விற்பதும் அதில் சேர்ந்திருப்பதால் அதை விட்டுவிடலாம்.

இந்தக் குப்பையையெல்லாம் கழித்த பிறகும் ஓர் உண்மை மிஞ்சுகிறது, அது நமக்கு இனிப்பானதல்ல. உலக வர்த்தக அமைப்பின் கணக்குப்படி உலக ஆடை ஏற்றுமதியில் இந்தியாவின் பங்கு 2000இல் 3 விழுக்காடு, 2010இல் 3.2, 2023இல் மீண்டும் 3 விழுக்காட்டை ஒட்டி. இதே காலத்தில் வங்கதேசம் 2.6இலிருந்து 4.2, பிறகு 7 விழுக்காட்டுக்கு மேல். வியட்நாம் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இருந்து 6 விழுக்காட்டை ஒட்டி. டாலர் கணக்கிலும் நம் ஆயத்த ஆடை ஏற்றுமதி 2016-17இல் ஏறத்தாழ 1,740 கோடியாக இருந்து, 2024-25இல் 1,600 கோடியை ஒட்டி நிற்கிறது.

இந்த எண்களுக்குள் உங்கள் காக்காவின் வாதத்துக்கு நேரடிப் பதில் இருக்கிறது. 2015ஐ ஒட்டிய ஆண்டுகளில் சீனாவின் பங்கு 39 விழுக்காட்டைத் தொட்டிருந்தது. 2023இல் அது 32க்கும் கீழே வந்துவிட்டது. ஏழு விழுக்காடு என்பது இந்தியாவின் மொத்தப் பங்கைப் போல இரு மடங்குக்கும் மேல். அவ்வளவு பெரிய இடம் காலியான பிறகும் நம் பங்கு அசையவில்லை. ஒருவர் விட்ட ஆர்டர் அடுத்தவருக்குத் தானாக வந்து சேரும் என்றால், அது இந்தப் பத்தாண்டில் நடந்திருக்க வேண்டும். ஆர்டர் எங்கே போகிறது என்பதை வரியும் துணியும் நம்பகமான கெடுவும் தீர்மானிக்கின்றன; காலியிடம் தீர்மானிப்பதில்லை.

பருத்தி இருந்தும் ஏன் பின்னால் நிற்கிறோம் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். பல காரணங்கள் சொல்வார்கள். என் மதிப்பீட்டில் முதல் காரணம் இறக்குமதி வரி. மிகவும் பின்தங்கிய நாடு என்ற தகுதியில் வங்கதேசம் 2001 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வரியின்றி அனுப்புகிறது. 2011இல் விதி இன்னும் தளர்ந்தது: துணியைச் சீனாவிலிருந்து வாங்கி, வெட்டித் தைப்பதை மட்டும் டாக்காவில் செய்தாலும் அந்தச் சலுகை உண்டு. நம் ஆடைக்கு அங்கே ஒன்பதரை விழுக்காட்டை ஒட்டிய வரி நீண்டகாலம் இருந்தது. ஐந்து டாலர் விலையுள்ள ஒரு சட்டையை எடுத்துக்கொண்டால் அந்த வரி மட்டும் நாற்பது ரூபாய். ஒரு சாதாரண டி-சட்டைக்குத் தையல் கூலியாக உங்களுக்குக் கிடைக்கப்போவது அதைவிடக் குறைவு. உங்கள் பெண்கள் ஒரு பைசா கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்தாலும் அந்த இடைவெளி அடையாது என்பதை யோசித்துப் பாருங்கள். திறமைக் குறைவு என்று நம்மை நாமே நொந்துகொள்வதில் அர்த்தமில்லை.

வரிக்கு அடுத்தது தொழில் வளர்ந்த விதம். 1979இல் ஒரு வங்கதேச நிறுவனம் 130 பேரைக் கொரியாவுக்கு அனுப்பிப் பயிற்சி எடுக்க வைத்தது. திரும்பி வந்தவர்களில் பலர் பின்னர் தனித்தனியே தொழிற்சாலை தொடங்கினார்கள். வெளிநாட்டு பையர் (சரக்கை வாங்கும் நிறுவனம்) தன் வங்கி மூலம் திறக்கும் கடன் கடிதத்தையே ஈடாக வைத்துத் துணி வாங்கும் ஏற்பாடும், வரியில்லாக் கிடங்கும் அங்கே அப்போதே வந்துவிட்டதால், கையில் முதல் இல்லாதவரும் பெரிய ஆர்டரை எடுக்க முடிந்தது. நாமோ நெய்த ஆடைத் தொழிலை 2001 வரையிலும், பின்னலாடையை 2005 வரையிலும் சிறுதொழிலுக்கே ஒதுக்கி வைத்திருந்தோம். எந்த நாடு எவ்வளவு ஆடை அனுப்பலாம் என்று வரையறுத்த ஒதுக்கீட்டு முறை 2004 டிசம்பர் 31உடன் முடிந்து சந்தை திறந்த நாளில், பிற நாடுகளில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் ஆலைகள் தயாராக நின்றன. நம்மிடம் ஐம்பது மெஷின் பவர் டேபிள்கள், அதாவது சிறு தையல் கூடங்கள், நின்றன. மூன்றாவது, நார். உலகம் வாங்கும் ஆடையில் பெரும்பகுதி இன்று பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை. நாம் விற்பதில் பெரும்பகுதி பருத்தி. பருத்தி நம் பலம் என்று சொல்லப்படுவதே நம்மைக் கோடைக்கால ஆடைக்குள் கட்டிப்போட்டிருக்கிறது. இதன் விளைவு உங்களையும் நேரடியாகத் தொடும் என்பதால் பின்னால் மீண்டும் சொல்கிறேன்.

வரி நிலவரம் அண்மையில் இரு பக்கமும் ஆடியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்கின் மேல் 50 விழுக்காடு கூடுதல் வரி போட்டது. அதே நேரத்தில் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் இலங்கைக்கும் 20 விழுக்காடு. திருப்பூரில் அமெரிக்க ஆர்டரை மட்டுமே நம்பியிருந்த யூனிட்டுகள் அப்போது பட்ட பாடு உங்களுக்கும் எட்டியிருக்கும். அதற்கு ஒரு மாதம் முன்பு, 2025 ஜூலை 24 அன்று, பிரிட்டனோடு நம் நாடு வரியில்லா வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. வங்கதேசம் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து வெளியேறுவதற்கு ஐ.நா. பொதுச்சபை 2021இலேயே 2026 நவம்பர் 24 என்று நாள் குறித்தது. வெளியேறிய பிறகும் ஐரோப்பியச் சலுகை 2029 வரை தொடரும் ஏற்பாடு உண்டு. இந்த விகிதங்கள் ஓர் அறிவிப்பில் மாறிவிடக் கூடியவை. ஆகவே ‘ஏற்றுமதி ஆர்டர்’ என்று ஏஜெண்ட் சொன்னால், எந்த நாட்டுக்கு என்று கேளுங்கள். அந்த நாட்டில் அன்றைக்கு நமக்கு என்ன வரி என்பதைப் பார்த்தால் அந்த ஆர்டரின் ஆயுள் ஓரளவு தெரிந்துவிடும்.

மூன்றாவது படத்தில்தான் உங்கள் காக்காவோடு நான் பெரிதும் மாறுபடுகிறேன். நீங்கள் கவனித்துப் பார்க்க வேண்டிய நாடு வங்கதேசமும் அல்ல, வியட்நாமும் அல்ல. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இலங்கைதான். அவர்களுடைய ஆடை ஏற்றுமதி ஆண்டுக்கு 500 கோடி டாலரை ஒட்டியது. திருப்பூரின் ஏற்றுமதி 2024-25இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். அதை டாலராக்கினால் இலங்கை முழுவதன் ஆடை ஏற்றுமதிக்கு ஏறத்தாழ ஈடாகிறது. ஒரு மாவட்டத்துத் தொழில் ஒரு நாட்டின் தொழிலுக்குச் சமம் என்று இதைப் பெருமையாகவும் சொல்லலாம். ஆனால் இலங்கையில் பருத்தி விளைவதில்லை, துணியில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது, மக்கள் தொகை இரண்டேகால் கோடிக்கும் கீழே. அப்படியிருந்தும் உள்ளாடை, விளையாட்டு உடை போன்ற நுணுக்கமான தையலில் அவர்களுக்குப் பெயரும் நல்ல விலையும் இருக்கின்றன. மொத்தத் தொகையை மட்டும் காட்டும் படத்தில் இந்த விலை தெரியாது.

இன்னும் உங்களுக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. 1992இல் இலங்கை அரசு இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் என்ற ஒன்றைத் தொடங்கி, கொழும்பைச் சுற்றியே குவிந்திருந்த தையல் ஆலைகளைக் கிராமங்களுக்கு அனுப்பியது. பின்தங்கிய பகுதிக்குப் போகிறவர்களுக்கு அந்நாளில் பொன்னாக மதிக்கப்பட்ட ஏற்றுமதி ஒதுக்கீடு கூடுதலாகக் கிடைத்தது. போர் முடிந்த பிறகு கிளிநொச்சியிலும் பெரிய ஆலைகள் வந்தன. துணி வேறெங்கோ நெய்யப்பட்டு, வேறெங்கோ சாயமேறி, கடலோரக் கிராமத்துப் பெண்கள் கையில் தைக்கப்பட்டுக் கப்பலேறுவது என்ற அமைப்பு அங்கே முப்பது ஆண்டுகளாக ஓடுகிறது. உங்கள் நிலையும் அதுதான்: நம் கரையோர நிலத்தடித் தண்ணீரின் உப்புக்குச் சாயப்பட்டறையை நினைத்தே பார்க்க முடியாது, தையல் மட்டுமே சாத்தியம். அதே நேரத்தில் அவர்கள் கதையில் பள்ளமும் உண்டு. 2010இல் ஐரோப்பிய வரிச் சலுகையை இழந்து, 2017 மேயில்தான் திரும்பப் பெற்றார்கள். அந்த இடைவெளியில் சாதாரண டி-சட்டை தைத்த சிறு ஆலைகள் தடுமாறின. பிறர் எளிதில் தைக்க முடியாத பொருளில் கை தேர்ந்திருந்தவை தாக்குப்பிடித்தன. ஆகவே எத்தனை மெஷின் என்பதற்கு முன்னால், எந்தப் பொருள் என்று முடிவு செய்யுங்கள்.

டாலர் தொகையைப் பார்க்கும்போது எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்ப்பது ஜாப் ஒர்க் செய்பவருக்கு மிக அவசியம். 2021-22இல் நம் ஆடை ஏற்றுமதித் தொகை நன்றாக ஏறியது. ஆனால் அந்தக் காலத்தில் நூல் விலை ஏறத்தாழ இரட்டிப்பாகி, 2022 மேயில் திருப்பூரே கடையடைப்புச் செய்தது. ஏறிய தொகையில் ஒரு பகுதி நூலின் விலைதான். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு நூல் விலையால் பயனில்லை. எத்தனை பீஸ் வந்தது என்பதே கூலி. அதேபோல், சீனச் சரக்கின் சராசரி விலை அமெரிக்கச் சந்தையில் வங்கதேசத்தைவிடக் குறைவு என்பதும், இந்தியச் சரக்கின் விலை வங்கதேசத்தைவிட அதிகம் என்பதும் தொகைப் படங்களில் தெரிவதில்லை.

இப்போது உங்கள் யூனிட்டுக்கு வருவோம். பருத்தியும் கோடை ஆடையும் என்று சொன்னேன் அல்லவா? அதனால் நம் ஆடை ஏற்றுமதி ஜனவரி முதல் மார்ச் வரை உயர்ந்தும், செப்டம்பரை ஒட்டித் தாழ்ந்தும் ஆண்டுதோறும் அலையடிக்கிறது. ஜாப் ஒர்க் நிறைய வெளியே வருவது நவம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் சீருடை வேலையோ ஏப்ரல் முதல் ஜூன் வரை. இரண்டும் மோதவில்லை என்பது நீங்கள் கேட்காமலேயே உங்களுக்கு அமைந்திருக்கும் வசதி. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீனவக் குடும்பத்துப் பெண்கள் வேலை தேடி வருவார்கள். தடை நீங்கியதும் கருவாட்டுக்கும் மீன் விற்பனைக்கும் திரும்பிவிடுவார்கள். அவர்களை நம்பி ஏற்றுமதி லைன் ஓட்ட முடியாது, சீருடை லைன் ஓட்டலாம். ஏற்றுமதிக்கு ஆண்டு முழுவதும் வரக்கூடிய பன்னிரண்டு பேர், நாற்பது பேரைவிட மதிப்புள்ளவர்கள்.

நவம்பர், டிசம்பர் என்றால் நமக்கு வடகிழக்குப் பருவமழை. உப்புக் காற்றில் ஈரமும் சேர்ந்தால் ஊசித் தட்டிலும் பிரஷர் ஃபுட்டிலும் துரு பூக்கும். வெள்ளைத் துணியில் அது சிறு பழுப்புப் புள்ளியாக இறங்கினால் அந்த பீஸ் செகண்ட்ஸ், அதாவது குறைச் சரக்கு. ஈரத் துணியை அப்படியே பாலித்தீன் பையில் போட்டு அட்டைப் பெட்டியில் அடைத்தால், தூத்துக்குடியில் ஏறிக் கொழும்பில் கப்பல் மாறி ஐரோப்பா போய்ச் சேருவதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். பேக்கிங்கைத் திருப்பூரிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி, தையலும் செக்கிங்கும் மட்டும் நீங்கள் எடுப்பது நல்லது. இரவில் மெஷினைத் துடைத்து, எண்ணெயிட்டு, மூடி வைப்பதற்குக் கால் மணி நேரம் கூலியோடு ஒதுக்குங்கள்.

நாற்பது மெஷின் கணக்கை ஒரு முறை போட்டுக் காட்டுகிறேன். தோள் இணைப்பு, கழுத்து ரிப், கை ஏற்றுதல், பக்கத் தையல், கீழ் மடிப்பு, லேபிள் என்று ஒரு சாதாரண டி-சட்டைக்கு எட்டு நிமிட வேலை என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரம் 480 நிமிடம். முழுத் திறனில் ஒருவருக்கு 60 பீஸ் வர வேண்டும். சீருடைக்குப் பழகிய கை பின்னல் துணிக்கு மாறும்போது துணி இழுபடும், ஓவர்லாக்கில் அலை விழும். தொடக்க மாதங்களில் நாற்பது விழுக்காடு திறன் வந்தாலே நல்லது. அப்படியானால் 24 பீஸ். கம்பெனி பேசும் பீஸ் ரேட், நாளுக்கு அறுபதை ஒட்டித் தைக்கும் பழகிய கையைக் கணக்கில் வைத்துப் போடப்பட்டது. நீங்கள் கொடுக்கும் நாள்கூலியோ இருபத்து நான்கு பீஸ் தைப்பவருக்கு. இடைவெளி முழுவதும் உங்கள் கையிலிருந்து போகும். பன்னிரண்டு பேருக்கு இதைத் தாங்கலாம். நாற்பது பேருக்குத் தாங்கினால் உங்கள் காக்காவின் துபாய்ச் சேமிப்பு ஒரே பருவத்தில் கரைந்துவிடும். இருபது பேரை எட்டினாலே வருங்கால வைப்பு நிதியும் சேரும். பத்துப் பேருக்கே பொருந்தும் இ.எஸ்.ஐ. உங்களிடம் இப்போதே இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏஜெண்டிடம் பேச வேண்டியவை சில. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்ட பிறகு, தங்கள் அனுமதியில்லாத இடத்தில் சரக்கு தைக்கப்படுவதைப் பெரிய பையர்கள் பொறுப்பதில்லை. உங்கள் யூனிட்டின் பெயர் பையரிடம் முறையாகச் சொல்லப்படுமா, தணிக்கைக்கு ஆள் வருவார்களா என்று கேளுங்கள். பெயர் வெளியே தெரியக்கூடாது என்ற பேச்சு வந்தால் அந்த வேலையைத் தொடாதீர்கள். கண்டுபிடிக்கப்பட்டால் முதலில் கைவிடப்படுவது நீங்கள்தான். ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் தூரம் கட்டிங் பண்டல் வந்து போகும் லாரி வாடகை யாருடையது, குறை பீஸுக்கு டிபிட் நோட் (உங்கள் பில்லில் கழிக்கும் தொகைச் சீட்டு) எந்த அளவுகோலில் எழுதுவார்கள் என்பவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவில் உங்கள் யூனிட் உற்பத்திப் பிரிவில் குறு நிறுவனமாக இருக்கட்டும். பதிவு இருந்து, 45 நாளுக்குள் பணம் என்று எழுதிய ஒப்பந்தமும் இருந்தால், கெடு தாண்டிய தொகையைக் கொடுத்து முடிக்கும் வரை தன் செலவாகக் காட்டிக் கம்பெனி வருமான வரிச் சலுகை பெற முடியாது. வருமான வரிச் சட்டத்தில் 2023இல் சேர்ந்த இந்தப் பிரிவைச் சொல்லிக் கேட்டால் பில் சற்று வேகமாக நகரும். விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் பிரதமர் மித்ரா ஜவுளிப் பூங்கா அறிவிக்கப்பட்டுள்ளது. அங்கே ஆலைகள் ஓடத் தொடங்கினால் திருப்பூரைவிட உங்களுக்குப் பக்கத்திலேயே வேலை கொடுப்பவர் கிடைக்கலாம். அதற்காக இன்றே கட்டடம் எழுப்ப வேண்டாம்.

என் யோசனை இதுதான். இருக்கும் பன்னிரண்டோடு இரண்டு ஓவர்லாக், இரண்டு பிளாட்லாக் மட்டும், முடிந்தால் நல்ல நிலையிலுள்ள பழைய மெஷினாக, சேர்த்துக்கொள்ளுங்கள். டி-சட்டைக்குப் போவதற்குப் பதிலாக, உங்கள் பெண்களின் கைக்கு ஏற்கெனவே பழகிய நைட்டி வகையிலேயே ஏற்றுமதி வேலை கேளுங்கள். பெண்களுக்கான இரவு ஆடை, பின்னல் துணியானால் 6108, நெய்த துணியானால் 6208 என்ற சுங்கக் குறியீட்டில், உள்ளாடைகளோடு சேர்ந்து வரும். மத்திய வர்த்தக அமைச்சகத்தின் இணையத் தரவு வங்கியில் இந்தக் குறியீட்டைக் கொடுத்தால், எந்த நாட்டுக்கு எவ்வளவு போனது என்று மாதவாரியாகக் கட்டணமின்றிக் கிடைக்கும். துபாய்ச் சந்தையை நேரில் அறிந்த உங்கள் காக்காவுக்கு அதில் ஐக்கிய அரபு அமீரகத்துக்கான எண்களைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022 மே முதல் அந்நாட்டோடு நமக்கு வரிச் சலுகை ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. அவர் அறிந்த மொத்தக் கடைக்காரர் ஒருவர் ஐந்நூறு பீஸ் சோதனை ஆர்டர் கொடுத்தாலும், ஏஜெண்ட் பேசும் ஐம்பதாயிரத்தைவிட அதை நான் மேலாக மதிப்பேன்.

ஏஜெண்ட் மறுபடி வரும்போது கம்பெனியின் பெயர், சரக்கு போகும் நாடு, பையரின் அனுமதிக் கடிதம், பீஸ் ரேட் பிரிப்பு ஆகிய நான்கையும் கேட்டு வாங்கி எனக்கு அனுப்புங்கள். ஒப்பந்த வாசகத்தில் கையெழுத்திடும் முன் இருவரும் சேர்ந்து பார்த்துவிடலாம்.